வேறு வேலை பார்த்துக்கொண்டே கட்டுரை நூல் எழுதியவர்கள் யார் யார்? ஒரு சர்வேயரின் கேள்வி

கல்லும்காடும் எழுதியது:

வணக்கம். நான் நில அளவைத் துறையில் சர்வேயர். 27 வருஷ சர்வீஸ், இன்னும் 4 வருஷம் பாக்கி. சேர்ந்த புதிதில் சங்கிலி இழுத்துத்தான் அளந்தோம், இப்போது செயற்கைக்கோள் உதவியோடு அளக்கிற டி.ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டு மாவட்டத்திலும் நான் நடக்காத கண்மாய்க்கரை குறைவு.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டா, அடங்கல், எஃப்.எம்.பி. என்கிற புல அளவைப் படம் எல்லாவற்றிலும் நிலத்துக்கு நம்பர்தான் உண்டு. 117/2பி என்று இருக்கும். ஊரில் போய் 117/2பி எது என்று கேட்டால் தலையாரியே கொஞ்சம் யோசிப்பார். தோணிப்புஞ்சை எது என்று கேட்டால் ஆடு மேய்க்கிற பையன் கையைக் காட்டிவிடுவான். ஒவ்வொரு வயலுக்கும் திடலுக்கும் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் இருக்கிறது, அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நான் அளக்கப் போகிற இடத்திலெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டு டைரியில் எழுதி வைப்பேன். முதலில் அடையாளத்துக்காக எழுதினேன், அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. இப்போது வீட்டில் 19 டைரி இருக்கிறது, எண்ணிப் பார்த்ததில் 1400 பெயருக்கு மேல் தேறும்.

அந்தத் தோணிப்புஞ்சை சுத்தமான மேட்டு நிலம், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு ஒரு அப்பத்தா சொன்னார், அவர் வாக்கப்பட்டு வந்த காலத்தில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்த இடத்தில் பனந்தோணி போட்டுத்தான் அக்கரைக்குப் போவார்களாம். அந்த மறுகால் ஓடையை எஃப்.எம்.பி.யில் தேடினால் ஒரு மெல்லிய கோடாக இருக்கிறது, தரையில் தேடினால் இல்லை. அப்பத்தா போய்ச் சேர்ந்து 6 வருஷம் ஆகிறது. அந்தப் பெயருக்குக் காரணம் தெரிந்த ஆள் இப்போது அந்த ஊரில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆசை. ஒரு பதிப்பகத்தில் பேசினேன், "எந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறீர்கள்" என்று கேட்டார்கள், சர்வேயர் என்றதும் பேச்சு அதோடு நின்றுவிட்டது. நண்பர் ஒருவரும் இதெல்லாம் பேராசிரியர்கள் செய்ய வேண்டிய வேலை என்கிறார். அதனால்தான் இங்கே கேட்கிறேன். வேறு வேலையில் இருந்துகொண்டே கதை அல்லாத நூல், அதாவது வரலாறு, மொழி, இயற்கை, மருத்துவம் என்று உருப்படியாக எழுதியவர்கள் யார்? அவர்களுடைய வேலை அந்தப் புத்தகத்துக்கு உதவியதா, தடையாக இருந்ததா? விவரமாகச் சொன்னால் நன்றியாக இருக்கும்.

பழையபுத்தகக்கடை எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் துறையிலேயே ஒருவர் இருக்கிறார், அவரிடமிருந்து தொடங்குகிறேன். காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தில் லூயிஸ் தீவில் பிறந்து 1783-ல் சென்னைக்கு வந்தவர். திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் சீமை முழுவதையும் அளந்தவர் அவர்தான். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். அவருடைய வேலை கோடு போடுவதும் எல்லை குறிப்பதும். ஆனால் போகிற ஊரிலெல்லாம் கோயில் கல்வெட்டுக்குப் படி எடுக்க வைத்தார், ஊர்க் கணக்கரிடம் ஊர் வரலாற்றைக் கைபீது என்ற குறிப்பாக எழுதி வாங்க வைத்தார், ஓலைச்சுவடி சேர்த்தார். கல்வெட்டுப் படிகள் மட்டும் சுமார் 8000. இத்தனைக்கும் அவருக்கு இங்குள்ள மொழி எதுவும் தெரியாது, காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா என்ற சகோதரர்களும் அவர்களைப் போன்ற உதவியாளர்களும்தான் உண்மையில் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது.

ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. மெக்கன்சி சேர்த்ததை அவரே ஒழுங்குபடுத்திப் புத்தகமாக்கவில்லை. ஓய்வு கிடைக்கும், அப்போது பார்க்கலாம் என்று இருந்தவர் 1821-ல் இறந்துபோனார். 1828-ல் வில்சன் என்பவர் பட்டியல் போட்டு வெளியிட்ட பிறகுதான் என்ன இருக்கிறது என்றே வெளியில் தெரிந்தது. 19 டைரியை வைத்துக்கொண்டு நீங்கள் இன்னும் 4 வருஷம் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை முதலில் சொன்னேன்.

அடுத்தது ஐராவதம் மகாதேவன். படித்தது வேதியியலும் சட்டமும், வேலை ஐ.ஏ.எஸ். கல்லூரியில் கல்வெட்டியல் படித்தவர் அல்ல. கரூர் பக்கம் புகளூரில் ஆறுநாட்டார் மலை என்று ஒரு குன்று இருக்கிறது. அங்கே சமண முனிவருக்காகக் குகையில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி தமிழ்ப் பிராமி என்ற மிகப் பழைய எழுத்தில் இருக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது "அறுத்த கல்" என்று மூன்று தலைமுறைப் பெயரும் வரிசையாக வருகிறது. பதிற்றுப்பத்தில் வரும் சேர மன்னர்களோடு அதைப் பொருத்திக் காட்டியவர் மகாதேவன்தான். 1960-களில் தொடங்கிய வேலை அது. அதே ஆள் 1977-ல் சிந்து எழுத்துகளுக்குத் தொடரடைவு, அதாவது எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல், வெளியிட்டார், 1980-ல் தானாகவே பணி ஓய்வு பெற்றார், 1987 முதல் 1991 வரை தினமணிக்கு ஆசிரியராக இருந்தார். தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெரிய நூல் வந்தது 2003-ல், அப்போது அவருக்கு வயது 73. குகை குகையாக ஏறி, ஏற்கெனவே படித்ததைத் திரும்பவும் போய்ப் படித்துச் சரிபார்த்திருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்தது இந்தத் திரும்பப் போய்ப் பார்க்கும் குணம்தான். சர்வேயரான உங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, எல்லைத் தகராறு என்று மனு வந்தால் நீங்கள் செய்வதும் மறு அளவைதானே.

வேலை உதவியதா என்று கேட்டீர்கள். நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில், வேலையில் கிடைத்த தகவலைவிட வேலை பழக்கிவிட்ட கைதான் இவர்களுக்கு உதவியிருக்கிறது. எங்கே, எப்போது, யார் சொன்னது என்று குறிப்பெழுதும் பழக்கம் உங்கள் டைரியில் ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

மானிப்பாய்_தாதி எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்தில் தாதியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பெயர் கிறீன் வைத்தியர். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ்காரர், மிஷன் வைத்தியராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் இருந்தவர். வேலை முழுக்க வைத்தியம், எழுத்துக்கென்று வந்தவர் இல்லை. ஆனால் இங்கத்தைப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தை இங்கிலிஷில் படிப்பித்தால் அவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவார்கள், தமிழில் படிப்பித்தால்தான் ஊர்ச் சனத்தோடு இருப்பார்கள் என்று கண்டார். அதற்குத் தமிழில் புத்தகம் வேண்டும், இருக்கவில்லை. அதனால் தானே செய்யத் தொடங்கினார்.

1852-ல் வந்த உடற்கூற்று நூலின் பெயரைக் கேளுங்கள், அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். பிறகு பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் (அறுவைச் சிகிச்சை), மனுஷ அங்காதிபாதம் (உடற்கூறு) என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தானும் தன் மாணவர்களும் சேர்ந்து செய்தது 4000 பக்கத்துக்கு மேல். சொல் ஆக்குவதில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது, முதலில் தமிழில் வழக்கில் உள்ள சொல்லைத் தேடுவார், இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதிலும் இல்லாவிட்டால்தான் இங்கிலிஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். கெமிஸ்ட்ரிக்கு "கெமிஸ்தம்" என்ற சொல் அப்படிப் பிறந்ததுதான். 60-க்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். 1873-ல் அமெரிக்காவுக்குத் திரும்பின பிறகும் அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார், 1884-ல் காலமானார். தமிழருக்கு வைத்தியம் செய்த ஊழியன் என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னவர்.

நான் வார்ட்டில் வேலை செய்த காலத்தில் ஒன்று கவனித்தேன். நோயாளி தன் நோவைச் சொல்லும்போது "குத்துது, உளையுது, கொதிக்குது, விறைக்குது" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருப்பார். டொக்டர் கார்ட்டில் எழுதும்போது எல்லாம் ஒரே சொல்லாகிவிடும். உங்கள் 117/2பி கதையை வாசித்தபோது எனக்கு அந்தக் கார்ட்தான் நினைவுக்கு வந்தது. சனங்கள் வாயில் இருக்கும் சொல்லை அப்படியே எழுதுங்கள் அண்ணா. திருத்தி "நல்ல தமிழ்" ஆக்கிவிடாதீர்கள், அப்பத்தா சொன்ன மாதிரியே இருக்கட்டும்.

தஞ்சைப்_பாட்டுடீச்சர் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் நல்ல உதாரணம் சொல்லிவிட்டார்கள். ஆனால் வேலை அனுபவம் இருந்தால் புத்தகம் தானாக வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார், புகைப்படக் கலை கற்றார், அப்புறம் சித்த வைத்தியரானார். தஞ்சாவூரில் தன் குரு கருணானந்தர் பெயரில் அவர் விற்ற மருந்துகள் பெரிய அளவில் போயின. பெரிய தோட்டம் போட்டு விவசாயமும் செய்தார். இவ்வளவுக்கும் நடுவில் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று, ஒரு ஸ்தாயியில், அதாவது கீழ் ச-விலிருந்து மேல் ச வரை, சுருதி என்கிற நுட்பமான ஒலிநிலைகள் எத்தனை என்பது. எல்லோரும் 22 என்றார்கள், அவர் சிலப்பதிகாரத்தையும் உரையையும் வைத்துக்கொண்டு 24 என்றார். அந்த வாதமும் அதற்கான கணக்கும்தான் 1917-ல் வெளிவந்த கருணாமிர்த சாகரம். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய புத்தகம், சொந்த அச்சகத்தில் அச்சடித்தார். இரண்டே வருஷத்தில், 1919-ல் காலமாகிவிட்டார்.

அவர் எழுதி முடித்துவிட்டு ஊருக்கு அறிவிக்கவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1912 முதல் தன் செலவில் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகள் கூட்டினார், வித்வான்களை வரவழைத்துத் தன் கருத்தை அவர்கள் முன்னால் வைத்தார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டுக்குத் தன் மகள்களோடு போய், அவர்களைப் பாட வைத்தும் வீணையில் வாசிக்க வைத்தும் விளக்கினார். எதிர்த்துப் பேசுகிறவர்கள் முன்னால் போய் நின்றிருக்கிறார். மருந்து விற்ற பணம் அதற்கு உதவியது, உண்மைதான். ஆனால் சுருதிக் கணக்கை அவர் தனியாக உட்கார்ந்து வருஷக்கணக்கில் படித்துத்தான் கற்றார், வைத்தியம் அதைக் கற்றுக் கொடுக்கவில்லை.

உங்கள் பெயர்ப் பட்டியலுக்கும் இந்தச் சோதனை வேண்டும் சார். மருதஞ்செய் என்று ஒரு வயல் இருந்தால் அது மருத மரமா, மருதன் என்ற ஆளா? ஊரில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள், கேட்பதற்கு அழகாக இருக்கிற கதையை நாம் நம்பிவிடுவோம். தாவரம் தெரிந்த ஒருவர், பழைய இலக்கியம் படித்த ஒருவர், இரண்டு பேரிடமாவது காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். பேராசிரியர் வேலை என்று உங்கள் நண்பர் சொன்னதில் நான் ஒப்புக்கொள்கிற பகுதி இவ்வளவுதான்.

கல்லும்காடும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெக்கன்சி பெயரைத் துறைத் தேர்வுக்குப் படித்தபோது ஒரு வரியில் பார்த்திருக்கிறேன், கல்வெட்டும் கைபீதும் சேர்த்தவர் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

டீச்சர் சொன்னது சரியாகப் பட்டது. என்னிடமே அப்படி ஒன்று இருக்கிறது. ஒரு ஊரில் குதிரைகுத்திச் செய் என்று ஒரு வயல். ராஜா காலத்தில் போர் நடந்து குதிரையைக் குத்திய இடம் என்று நாட்டாமை சொன்னார், அப்படியே எழுதி வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து அதே ஊருக்கு உட்பிரிவு அளக்கப் போனபோது இன்னொரு பெரியவர், குதிரைவாலித் தானியம் குத்துகிற உரல்பாறை அங்கே இருந்தது, அதுதான் பெயர் என்றார். பாறையைக் காட்டச் சொன்னேன், காட்டினார், குழி குழியாக இருந்தது. டைரியில் இரண்டையும்தான் எழுதியிருக்கிறேன். இப்போது புத்தகத்தில் எதைப் போடுவது?

அப்புறம் இன்னொரு சந்தேகம். இன்னும் பணியில் இருக்கும்போது எழுதலாமா, அனுமதி வாங்க வேண்டுமா?

ஏரிக்கரைத்_தம்பி எழுதியது:

அண்ணே, இரண்டையும் போடுங்கள். யார் சொன்னது, எந்த வருஷம், பாறையை நீங்களே பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். முடிவு படிக்கிறவருடையது.

அனுமதி விஷயத்தில் யூகம் வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகளில் நூல் வெளியிடுவது பற்றி விதி இருக்கிறது, அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய பட்டாதாரர் பெயர், வழக்கில் இருக்கிற நிலம், இதெல்லாம் புத்தகத்தில் வரக் கூடாது. வயலின் பெயரும் ஊரும் போதும்.

வேலையில் இருந்துகொண்டே எழுதியவர்களுக்குப் பஞ்சம் இல்லை. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர், தமிழ் சினிமா வரலாற்றை 1981-லேயே ஆராய்ந்து எழுதினார், 1996-ல் வந்த அவருடைய சினிமா நூலுக்குத் தேசிய விருது கிடைத்தது. காட்டுயிர் பற்றித் தமிழில் இவ்வளவு சொல் இருக்கிறதா என்று அவர் கட்டுரைகளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பழ. கோமதிநாயகம் பொதுப்பணித் துறைப் பொறியாளர், தமிழகப் பாசன வரலாறு எழுதியவர். மடை, உபரித் தண்ணீர் வழிகிற கலிங்கு எல்லாம் கையால் தொட்டுப் பார்த்தவர் எழுதியது என்று படிக்கும்போதே தெரியும். உங்கள் விஷயத்துக்கு நேராக வருகிறவர் ஆர். பாலகிருஷ்ணன். ஒடிசாவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டு ஊர்ப்பெயர்களைத்தான் பிடித்தார், சிந்துவெளிப் பகுதியில் கொற்கை, வஞ்சி, தொண்டி போன்ற பெயர்கள் இன்றும் இருப்பதை எடுத்து வைத்தார். அவர் முடிவை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெயரைத் தரவாக எப்படி நடத்துவது, வரைபடத்தில் எப்படிப் பொருத்துவது என்பதற்காகவாவது அவரைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக மா. கிருஷ்ணன். இன்றைய கர்நாடகத்தில் இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் பள்ளி ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர் என்று பல வேலை பார்த்தவர். சமஸ்தானம் போன பிறகு எழுத்தும் படமுமே வாழ்க்கை என்று சென்னைக்கு வந்துவிட்டார். 1950 முதல் 1996-ல் அவர் இறந்த நாள் வரை ஒரே பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார், 46 வருஷம். காட்டுக்கு எடுத்துப்போகிற கேமராவை வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்டார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளும் தொகுப்பாக வந்திருக்கின்றன. புலியும் யானையும் மட்டும் இல்லை, அணிலையும் காக்கையையும் வீட்டு வாசலில் நின்று பார்த்து எழுதியிருப்பார். அவ்வளவு சின்ன விஷயத்தை ஒரு பக்கத்தில் எப்படி முடிக்கிறார் என்று பாருங்கள். உங்களிடம் 1400 பெயர் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுத உட்கார்ந்தால் முடியாது. பேசுகிற பெயராக 100 எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள், மீதியை ஊர்வாரியாகப் பின்னால் பட்டியலாகக் கொடுங்கள். பதிப்பகம் கிடைக்கிறதோ இல்லையோ, முதலில் டைரி 19-ஐயும் ஸ்கேன் பண்ணி இரண்டு இடத்தில் வையுங்கள். கரையான் காத்திருக்காது.

கல்லும்காடும் எழுதியது:

தம்பிக்கும் தாதி அக்காவுக்கும் டீச்சருக்கும் புத்தகக்கடைக்காரருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தாள், 5 டைரி முடிந்தது. அனுமதிக்கு மனு எழுதித் தாலுகா அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கம் எழுதிப் பார்த்தேன். அக்கா சொன்ன மாதிரி திருத்தாமல் இங்கே போடுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

"தோணிப்புஞ்சை. மேட்டு நிலம், தெற்கு வடக்காக நீளம், கிழக்கு எல்லையில் பழைய சர்வே கல் ஒன்று பாதி புதைந்து நிற்கிறது. 2011 பங்குனியில் அளக்கப் போனபோது பெயரைச் சொன்னவர் கிழக்குத் தெரு அப்பத்தா, வயது 80-க்கு மேல். அவர் சொன்னது: 'நான் வாக்கப்பட்டு வந்த வருசம் கம்மா மறுகா போயி இங்கிட்டு இடுப்பளவு தண்ணி. பனந்தோணியிலதேன் என்னய அக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாக. தோணிய கெட்டுன வேப்பமரம் அந்தா நிக்கிது.' மரத்தைப் போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் ஒரு முழ உயரத்தில் கயிறு அறுத்த தடம் சுற்றிலும் இருந்தது. மரம் 2019-ல் விழுந்துவிட்டது."